திங்கட்கிழமை மட்டும் வராத எடை

2008-ஆம் ஆண்டு மழைக்காலம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் கருவிப் பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். வீடு பொன்னேரியில், தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். எதையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகியவன். எடுத்த ஸ்பேனரை அதே கொக்கியில் திரும்ப மாட்டாதவர்களிடம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நாட்குறிப்பு எழுதும் வழக்கமும் உண்டு. அந்த ஆண்டின் நாட்குறிப்பை இன்று புரட்டினாலும், திங்கட்கிழமைப் பக்கங்களில் மட்டும் என் கையெழுத்து கோணலாக இருக்கும். அத்தனையும் எரிச்சலில் எழுதியவை.

எங்கள் ஆலைக்கு இரும்பு ஏற்றி வரும் லாரி முதலில் ஏறுவது வாசலை ஒட்டிய எடை மேடையில்தான். சரக்கோடு ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியாக ஓர் எடை. மேடையிலிருந்து ஒரு கம்பி எடை அறைக்குள் இருக்கும் சிறு பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி கணினிக்குப் போகும். கணினி எண்ணை எடுத்துக்கொண்டு சீட்டு அச்சடிக்கும். எண்ணை யாரும் கையால் தட்டி உள்ளே போட முடியாதபடி அந்த மென்பொருளைப் பூட்டி வைத்திருந்தார்கள். எடையைக் கூட்டிப் போட்டுக் காசு பார்க்கும் பழைய இரும்பு வியாபாரத்தில் அந்தப் பூட்டு எவ்வளவு அவசியம் என்பது அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மழை தொடங்கிய வாரத்தில் விழுந்த ஓர் இடி அந்தக் கணினியைக் கொன்றுவிட்டது. புதிது வாங்கினோம். புதியதில் பழைய மென்பொருள் ஓடவில்லை. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். வேறு மென்பொருள் வாங்கினால் பழைய பதிவுகள் எல்லாம் போகும். கையைப் பிசைந்துகொண்டு இருந்தபோது, அம்பத்தூரில் கணினி பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும். ரயிலை விட வேகமாகப் பேசுவார். புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் பொய்யாக உண்டாக்கி, அதற்குள் பழைய மென்பொருளை ஓட்டலாம் என்றார். ஓட்டியும் காட்டினார். எடை அறையில் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் 'பொட்டிக்குள்ள பொட்டி'.

இதில் ஒரு சிக்கல். உள்ளே இருக்கும் பொய்க் கணினிக்குக் கம்பி செருக இடம் ஏது? அது வெறும் கற்பனை. அதனால் வெளியே தனியாக ஒரு சிறு நிரலை ஓட விட்டிருந்தார். நிஜக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நிரல்தான். வரும் எண்ணை வாங்கி ஒரு குழாய் வழியாக உள்ளே இருக்கும் பொய்க் கணினிக்குக் கொடுக்கும். திரையில் அது ஒரு கறுப்பு ஜன்னலாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"தனித்தனியா இருக்கிறதுதான் சார் நல்லது. வெளிய இருக்கிறது படுத்துச்சின்னா அது மட்டும்தான் படுக்கும். உள்ள இருக்கிறது அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகளில் அந்த வாக்கியத்தை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். முதலில் கறுப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும். அதில் எண் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பொட்டிக்குள்ள பொட்டியைத் திறக்க வேண்டும். நான் அதைத் தமிழில், பெரிய எழுத்தில், வரிசை எண் போட்டு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அதோடு நிற்கவில்லை. இடிக்குப் பயந்து இன்னொரு ஏற்பாடும் செய்தேன். ஆலை திங்கள் காலையிலிருந்து சனி இரவு வரை நிற்காமல் ஓடும். ஞாயிறு மட்டும் விடுமுறை. சனி இரவு கணினியை அணைத்துவிட வேண்டும். எடை மேடைக்குப் போகும் மின்சாரத்தையும் துண்டித்துவிட வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகுதான் அந்த மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதையும் எழுதி ஒட்டினேன்.

எடை அறையில் பகல் ஷிப்ட் பார்த்த ஆபரேட்டர் எளாவூர்ப் பக்கத்து ஆள். அவருடைய அப்பா நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் பல ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, அந்த வருடம்தான் நிரந்தரம் ஆகியிருந்தார். சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவர். மேசையைத் துடைத்து, பேனாவை ஒரே பக்கம் பார்த்து வைப்பார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஆரம்பித்தது.

காலை ரயிலை விட்டு இறங்கும்போதே செல்போன் அடித்தது. எடை வரவில்லை. போய்ப் பார்த்தால், மேடையில் லாரி நிற்கிறது. சிறு பெட்டியில் எடை சரியாகக் காட்டுகிறது. கறுப்பு ஜன்னலிலும் அதே எண் ஓடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி, பொட்டிக்குள்ள பொட்டியில் பூஜ்யம். முழு லாரி இரும்பு நிற்கிறது, அதற்கு எடையே இல்லை. கறுப்பு ஜன்னலை மூடித் திறந்தோம். பூஜ்யம். கம்பியைப் பிடுங்கிச் செருகினோம். பூஜ்யம். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்து, என் தாளில் உள்ள வரிசைப்படி மறுபடி திறந்தேன். எடை வந்தது. ஆனால் மேடையில் லாரி நிற்கும்போது பழைய மென்பொருளைப் பாதியில் அணைத்தால் அது தன் பதிவுகளை முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கிவிடும். அது முடிய ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் ஞாயிறு முழுக்கக் காத்திருந்த லாரிகள் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலை வரை வரிசை கட்டிவிட்டன. போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டார். டிரைவர்கள் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, "இன்னா சார், நாஷ்டா துன்னுட்டு வரட்டா, இல்ல மத்தியானச் சோறே துன்னுட்டு வரட்டா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒழுங்காக ஓடியது. புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் ஒழுங்கு. அடுத்த திங்கள் மறுபடி பூஜ்யம்.

இன்ஜினியருக்குப் போன் செய்தால், "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டுச் சொல்லுங்களேன் சார்" என்பார். செய்துவிட்டேன், சரியாகிவிட்டது என்றால், "அப்ப சரி சார்" என்பார். சரியில்லை அம்மா, ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும் என்பேன். நேரில் வரச் சொன்னால் திங்கட்கிழமை அவருக்கு அலுவலகத்தில் மீட்டிங். புதன்கிழமை வருவார். புதன்கிழமை எதில் குறை இருக்கும்? லாரி இல்லாத நேரம் பார்த்து, அவர் கண் முன்னால் எல்லாவற்றையும் அணைத்து, வரிசைப்படி திறந்து காட்டினோம். திரும்பத் திரும்பத் திறந்தோம். ஒவ்வொரு முறையும் பொட்டிக்குள்ள பொட்டி நல்ல பிள்ளை போல எடையைக் காட்டியது. டீ குடித்துவிட்டு அவர் அம்பத்தூர் போய்விட்டார்.

வரிசையை மாற்றித் திறந்தீர்களா என்று அவர் கேட்காமல் இல்லை. நானும் ஆபரேட்டரைக் கேட்டேன். அவர் சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

"தாள்ல எப்டி கீதோ அப்டியேதான் சார் செஞ்சிக்கினு இருக்கேன். மொதல்ல கறுப்பு ஜன்னல். அப்பால அது."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் நான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஞாயிறு பூட்டிக் கிடப்பதால் ஈரமோ என்று அறைக்குள் ஒரு பெரிய பல்பை எரிய விட்டேன். எலி கடித்ததோ என்று கம்பியை முழுக்கத் தடவிப் பார்த்தேன். கம்பியையே மாற்றினேன். கணினியின் பின்னால் செருகும் இடத்தை மாற்றினேன். மின்வெட்டுதான் காரணம் என்று முடிவு கட்டி, புதிய யு.பி.எஸ். கேட்டு வாங்கினேன். அதை மாட்டிய முதல் திங்கட்கிழமை, மின்சாரம் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை, எடையும் வரவில்லை. அன்று நான் அந்தக் கணினியைத் திட்டிய திட்டு எடை அறைக்கு வெளியே நின்ற டிரைவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். வீட்டில் என் மனைவி, ஞாயிறு மாலையே என் முகம் மாறிவிடுகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆலையின் முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். அவர் மகனைச் சின்னவர் என்போம். பெரியவர் எழுபதை நெருங்கியவர், இரும்பைப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். சின்னவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் இந்த விஷயத்தில் அதிகம் சத்தம் போட்டது பெரியவர்தான். "வாராவாரம் இன்னாய்யா இது பேஜாரு? திங்கக்கெழம வந்தா அதுக்கு இன்னா ஜொரமா வருது?" என்று மேசையைத் தட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

சின்னவர் சத்தம் போடவில்லை. அவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எடை வராத நேரத்தில் நெடுஞ்சாலை நெரிசலைக் குறைக்க, லாரிகளை வெளியே இருக்கும் தனியார் எடை மேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே எடை தாராளமாக விழுந்தது, அந்த அதிக எடைக்கும் சேர்த்து நாங்கள் பணம் கொடுத்தோம். மண்ணும் கல்லும் ஏறியதோ, வேறென்னவோ தெரியாது. சின்னவர் இதைக் கவனித்துவிட்டார். வாரத்தில் ஒரே நாள், அதுவும் லாரி அதிகம் வரும் நாள், அதுவும் ஒரே ஆள் வேலையில் இருக்கும் நேரம். இயந்திரத்துக்குக் கிழமை தெரியாது. மனிதனுக்குத்தான் தெரியும் என்றார். ஆபரேட்டரை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது அவர் முடிவு.

ஒரு சனிக்கிழமை என்னைத் தன் அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார். கருவியில் எந்தக் குறையும் இல்லை, நான் முழுமையாகச் சோதித்துவிட்டேன் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ஆபரேட்டர் திங்கட்கிழமையோடு வீட்டுக்குப் போவார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. அந்தத் தாளில் எழுதியிருந்ததில் எனக்குத் தெரிந்தவரை ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் சோதித்ததும் உண்மை. குறை ஒன்றும் கிடைக்காததும் உண்மை. எல்லாம் உண்மையாக இருந்து, சேர்த்துப் படித்தால் ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லும் தாள். திங்கட்கிழமை நானே வந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு வந்தேன். சின்னவர் தோளைக் குலுக்கினார்.

அதுவரை எந்தத் திங்கட்கிழமையும் எட்டு மணிக்கு முன்னால் நான் அங்கே போனதில்லை. எட்டு மணிக்குத்தானே மின்சாரமே வரும்? அதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கப்போகிறது? என் ஏற்பாட்டின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் திங்கள் முந்தைய ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. எடை அறையில் விளக்கு எரிந்தது. வாசலில் பெரியவரின் செருப்பு.

உள்ளே போனேன். ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் சட்டைப் பையில் கண்ணாடியோடு, நெற்றியில் திருநீற்றோடு, பக்கத்தில் நின்றிருந்தார். கணினியின் தலையில் சந்தனப் பொட்டு. மேசை ஓரத்தில் சிறு தட்டில் கற்பூரம். அறையில் இருந்த ஒரே கிறிஸ்தவர், கற்பூரம் அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் கை வைத்துத் தயாராக இருந்தார். திரையில் பொட்டிக்குள்ள பொட்டி திறந்துகொண்டிருந்தது.

கறுப்பு ஜன்னல் இல்லை.

என்னைப் பார்த்ததும் பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது. "இன்னாப்பா, இவ்ளோ காலையில?" என்றார், நான்தான் திருட்டுத்தனமாக வந்தவன் போல. பிறகு அவராகவே சொன்னார். "திங்கக்கெழம ஏழரையிலேர்ந்து ஒம்போது வரிக்கும் ராகு காலம். வாரத்தோட மொதச் சீட்டு அதுக்கு முன்ன உழுந்துடணும். இருவது வருசமா அப்டித்தான். முன்ன நோட்டுல எழுதுவோம், இப்ப இதுல."

ஆபரேட்டர் ஏதோ ஒரு சாவியைத் தட்டினார். சோதனைச் சீட்டு ஒன்று, பூஜ்யம் எடையோடு, கரகரவென்று அச்சாகி வந்தது. பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்துக்கொண்டார்.

நான் சுவர்ப் பக்கம் சாய்ந்துகொண்டேன். அங்கே நான் ஒட்டிய தாள் இருந்தது.

ஆபரேட்டரிடம், ஒவ்வொரு திங்களும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கறுப்பு ஜன்னலை ஏன் திறக்கவில்லை என்றேன். மேடைக்கு மின்சாரம் வராமல் அது திறக்காது, எட்டு மணிக்குத்தானே வரும் என்றார். அதுவும் என் ஏற்பாடு. பொட்டிக்குள்ள பொட்டி திறக்கும்போது ஏதாவது செய்தி வந்ததா என்றேன். இங்கிலீஷில் ஏதோ சின்னதாக வரும், ஓ.கே. அழுத்தினால் போய்விடும் என்றார்.

"அப்புறம் எட்டு மணிக்குத் தாள்ல இருக்கிறபடி செய்தேன்னு சொன்னியேப்பா?"

"செஞ்சேன் சார். கரண்ட்டு வந்ததும் மொதல்ல கறுப்பு ஜன்னல் தொறப்பேன். ரெண்டாவது இதத் தொறக்கணும். இதுதான் ஏற்கெனவே தொறந்துகீதே."

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. என் தாளில் 'திறக்கவும்' என்றுதான் இருந்தது. ஏற்கெனவே திறந்திருந்தால் மூடிவிட்டுத் திறக்கவும் என்று இல்லை. ஏழேகால் மணிக்கு நடந்தது அவரைப் பொறுத்தவரை வேலையே இல்லை, பூஜை. வேலை எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. வேலையைப் பற்றித்தான் நான் விசாரித்திருந்தேன். இந்த விஷயத்தைச் சின்னவர் காதில் போட வேண்டாம், கிண்டல் செய்வான் என்று பெரியவர் சொல்லியும் இருந்தார். வெளியே காவலாளியிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றார். எல்லாருக்கும் தெரியுமாம்.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் சிரித்தார். பிறகு விளக்கினார். உள்ளே இருக்கும் பொய்க் கணினி கண் விழித்ததும் வெளியே இருக்கும் நிரலின் கதவை ஒரே ஒரு முறை தட்டும். யாரும் திறக்கவில்லை என்றால், அந்த வீட்டில் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடும். பிறகு அந்த நிரல் விழித்து, கையில் எடையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் இது திரும்பிப் பார்க்காது.

"அதைத் திருப்பிப் போட்டுக்கலாம் சார். உள்ள இருக்கிறது கதவத் தொறந்து வச்சிக்கினு காத்திருக்கட்டும். வெளிய இருக்கிறது எப்ப எழுந்தாலும் வந்து தட்டும். திரும்பத் திரும்பத் தட்டும். யார் மொதல்ல எழுந்தாலும் பரவால்ல. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இடத்துல மாத்தணும், அவ்ளோதான்."

"அவ்வளவுதானா? அதை ஏம்மா அன்னிக்கே செய்யல?"

"நீங்க வரிசை போட்டுத் தாள் ஒட்டிட்டீங்களே சார். அதான் போதும்னு விட்டேன்."

போனிலேயே அவர் சொல்லச் சொல்ல இரண்டு இடத்திலும் மாற்றினேன். ஈரத்துக்குப் போட்ட பல்பு, மாற்றிய கம்பி, யு.பி.எஸ்., எல்லாம் அந்த அறையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பெரியவர் இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "அப்போ நான் கற்பூரம் ஏத்துனதாலதான் அது கெட்டுச்சின்றியா?" என்றார்.

கற்பூரத்தால் இல்லை, நேரத்தால் என்றேன். பிறகு என் சட்டைப் பையிலிருந்து சின்னவர் கொடுத்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆபரேட்டருக்கும் தெரியாது. அவர் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே போனார். தூறலில் குடை கூட விரிக்கவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம். ஆபரேட்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, கதவருகே நின்றார். மேடைக்கு மின்சாரம் வருவதற்கு முன் கணினியைத் திறந்ததுதான் காரணம், இப்போது மாற்றியாயிற்று, இன்று எடை சரியாக வந்துகொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். சின்னவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மின்சாரம் இல்லாத நேரத்தில் இவருக்குக் கணினியில் என்ன வேலை, யார் திறக்கச் சொன்னது என்றார். நியாயமான கேள்வி.

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நானும் சொல்லலாம். நான் சொன்னால், ஆளைக் காப்பாற்ற முதலாளி மேல் பழி போடுகிறேன் என்று ஆகும். பெரியவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

சின்னவர் மறுபடி கேட்டார். இந்த முறை குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நான்தான்டா சொன்னேன்" என்றார் பெரியவர்.

சின்னவருக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு; அப்பாவை நைனா என்பார். "நைனா, நீங்களா?" என்றார்.

பெரியவர் ராகு காலத்தைச் சொன்னார். சீட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அறையில் யாரோ இருமி அடக்கினார்கள். சின்னவர் முகத்தில் சிரிப்பும் கோபமும் மாறி மாறி வந்தன. "அமெரிக்காக்காரன் செஞ்ச கம்ப்யூட்டர் ராகு காலம் பாக்குதா, நைனா?" என்றார்.

"அது பாக்கல. நான் பாக்குறேன். வேலைக்காரன் நான் சொன்னதச் செஞ்சான். உனக்குக் கோவம்னா என்னை ஊட்டுக்கு அனுப்பு."

பிறகு அந்தத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. மதியம் சின்னவர் என்னைக் கடந்து போகும்போது அதைக் கிழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஆபரேட்டரைத் தனியாகப் பிடித்தேன். நடக்க இருந்தது என்ன என்பது அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். அதனால்தான் எடை வரவில்லை என்று தனக்கே தெரியாது என்றார். கூட்டத்தில் தெரிந்துவிட்டதே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றேன். டிபன் பாக்ஸை மூடினார்.

"பெரியவரு சொல்லாதன்னாரு சார். அவரு பக்கத்துலயே குந்திக்கினு இருக்காரு. அவரே சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"சொல்லாமப் போயிருந்தா?"

"தெரில சார்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையும் நான் சீக்கிரமே போனேன், மாற்றியது நிற்கிறதா என்று பார்க்க. கற்பூரம் ஏற்றினார்கள். ஏழரைக்கு முன் சீட்டு விழுந்தது. பெரியவர் அதை எடுத்துக்கொண்டு, இப்போது யாருக்கும் மறைக்காமல், ஆலைக்கு நடுவிலேயே நடந்து போனார். திரையில் பூஜ்யம் காத்திருந்தது. எட்டு மணிக்கு எலெக்ட்ரீஷியன் மின்சாரத்தைக் கொடுத்தார். ஆபரேட்டர் கறுப்பு ஜன்னலைத் திறந்தார். முதல் லாரி மேடையில் ஏறி நின்று, சற்று ஆடி அடங்கியது. சிறு பெட்டியில் எண் நின்றது. கறுப்பு ஜன்னலில் நின்றது. ஒரு நொடி கழித்து, பொட்டிக்குள்ள பொட்டியில் பூஜ்யம் அழிந்து அதே எண் வந்தது. நான் சுவரில் இருந்த என் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது இனித் தேவையில்லை.

இப்போதும் ஏதாவது இயந்திரம் காரணம் தெரியாமல் மக்கர் செய்தால், அதன் மூடியைத் திறக்கும் முன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், வேலை தொடங்கும் முன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் கேட்கிறேன், ஏனென்றால் ஒரே முறை தட்டிவிட்டு உள்ளே ஆளில்லை என்று முடிவு கட்டும் வேலையை நானும் அந்தப் பொய்க் கணினியும் சேர்ந்து ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்திருக்கிறோம்.